சேலத்தில் நாய்க்குக் கண் பார்க்க: அளந்து பார்த்த பிறகே மருந்து எழுதும் கிளினிக்

எங்கள் வீட்டு ஜாங்கிரிக்கு ஆறு வயது, பக் ஜாதி. எட்டு மாதமாக அவளைத் தூக்கிக்கொண்டு இந்த கிளினிக்குக்கு வந்து போகிறேன். ஒரு தடவை வந்ததுமே எழுதியிருக்கலாம், ஆனால் கண் வியாதியில் மருந்து வேலை செய்ததா இல்லையா என்று தெரியவே ரெண்டு மாதம் ஆகிவிடுகிறது, அதனால் பொறுத்திருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். நாய்க்குக் கண்ணில் பீளை தள்ளுகிறது என்று யாராவது இதைத் தேடி வந்திருந்தால் பொறுமையாகப் படியுங்கள், நாங்கள் வீணாக்கிய நாலு மாதம் உங்களுக்கு மிச்சமாகும்.

போன வருடம் மாசியில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டால் கண் திறக்கும், மதியத்துக்குள் மறுபடியும் பீளை. சாதாரணப் பீளை இல்லை, விரலால் எடுத்தால் நூல் மாதிரி நீளும், மஞ்சளும் பச்சையுமாக. அந்தச் சமயம் எங்கள் தெருவில் நாலைந்து பேருக்கு மெட்ராஸ் ஐ இருந்தது, அதுதான் இவளுக்கும் என்று நினைத்து மெடிக்கலில் மனிதருக்கான சொட்டு மருந்தையே வாங்கிப் போட்டோம். போட்டால் குறையும், நிறுத்தினால் வரும். அப்புறம் ஓரிடத்தில் காட்டினோம், இடத்தின் பெயர் வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்து இன்ஃபெக்‌ஷன் என்றார்கள், ஒரு சொட்டு மருந்து. அடுத்த முறை வேறொன்று. மூன்றாவது முறை எழுதித் தந்ததைப் போட்டதும் ரெண்டே நாளில் சிவப்பு மொத்தமும் போய்விட்டது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பத்து நாள் கழித்து வலது கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். வெளிச்சத்தைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். அந்தக் கண்ணில் மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்து கருப்பாக ஏதோ படர்ந்து வந்துகொண்டிருந்தது. என் அம்மா பார்த்துவிட்டு "பூ விழுந்துடுச்சு சாமி" என்றார். பூ என்றால் வெள்ளையாக அல்லவா இருக்கும், இது என்ன கருப்பு என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

இங்கே முதலில் போன் செய்தபோதே வித்தியாசம் தெரிந்தது. எடுத்த தம்பி, என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு, "காலையில எந்தச் சொட்டும் போடாம கூட்டிட்டு வாங்கண்ணா, இதுவரைக்கும் போட்ட மருந்துப் பாட்டில் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

டாக்டரம்மா முதலில் நாயைத் தொடவே இல்லை. கீழே விட்டு நடக்கச் சொன்னார், ஒரு ஸ்டூலைக் குறுக்கே வைத்து இடிக்கிறாளா என்று பார்த்தார், ஒரு சின்னப் பஞ்சு உருண்டையை அவள் கண்ணுக்கு முன்னால் சத்தமில்லாமல் போட்டு, பார்வை அதன் பின்னால் போகிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் மேஜை மேல் ஏற்றினோம். ஏற்றியதும் எடுத்தது டார்ச் இல்லை, ஒரு துண்டு காகிதம். அரை சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும், மில்லிமீட்டர் கோடு போட்டது. அதன் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் சொருகி, இமையை மூடிப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தில் சரியாக ஒரு நிமிடம். கண்ணீர் அந்தக் காகிதத்தில் எவ்வளவு தூரம் ஊறி ஏறுகிறது என்பதுதான் கணக்கு. நாய்க்குப் பதினைந்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது, பத்துக்குக் கீழே போனால் கண் வறண்டு கிடக்கிறது என்று அர்த்தமாம். ஜாங்கிரிக்கு வலது கண்ணில் 4, இடது கண்ணில் 7.

எனக்கு நம்பவே முடியவில்லை. கண் எப்போதும் ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்த நாய்க்குக் கண்ணீர் இல்லை என்றால் எப்படி? டாக்டரம்மா சொன்ன விளக்கத்தை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கண்ணீர் என்பது வெறும் தண்ணீர் இல்லை, தண்ணீரும் எண்ணெயும் கோழையும் சேர்ந்தது. இதில் தண்ணீரைச் சுரக்கும் சுரப்பி படுத்துவிட்டால் கோழை மட்டும் மிஞ்சும், அதுதான் நூல் மாதிரி இழுபடும் பீளை. அதில் கிருமியும் வந்து குடியேறும், ஆகையால் கிருமிக்கு மருந்து போட்டால் கொஞ்ச நாள் குறைகிறது, ஆனால் கண்ணீர் வராதவரைக்கும் திரும்பத் திரும்ப வரும். சுரப்பி ஏன் படுக்கிறது? பெரும்பாலான நாய்களில் உடம்பின் சொந்த எதிர்ப்பு சக்தியே அந்தச் சுரப்பியை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. பக், ஷிட்சு, காக்கர் ஸ்பேனியல் போன்ற ஜாதிகளில் இது அதிகம். பக் நாய்க்குக் கண் வேறு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் காற்றும் தூசியும் நேராகப் படுகின்றன, தொடர்ந்து உரசலும் வறட்சியும் இருக்கும் கண்ணில்தான் அந்தக் கருப்பு நிறமி மூக்குப் பக்கத்திலிருந்து படர்கிறதாம். பூவும் இல்லை, புரையும் இல்லை.

காகிதச் சோதனையை முதலில் செய்ததற்கும் காரணம் உண்டு. எந்தச் சொட்டு விழுந்தாலும் அளவு தப்பாகிவிடும், அதனால்தான் காலையில் மருந்து போடாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவர் ஷிர்மர் என்கிற ஜெர்மன் கண் டாக்டர், மனிதர்களுக்காக 1903லேயே வந்துவிட்டது என்று என் மகள் அன்று ராத்திரி தேடிச் சொன்னாள். நூறு வருடத்துக்கு மேல் பழைய விஷயம், மின்சாரம் வேண்டாம், மிஷின் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். நாலு மாதத்தில் எங்கள் நாய்க்கு ஒருவரும் அதைச் செய்யவில்லை என்பது இன்னும் என் மனதை அறுக்கிறது.

அடுத்தது சாயம். ஆரஞ்சு நிறத் தாளை நனைத்துக் கண்ணில் தொட்டு, சலைன் விட்டுக் கழுவி, விளக்கை அணைத்துவிட்டு நீல வெளிச்சம் அடித்தார். வலது கண்ணில் கடுகு அளவுக்குப் பச்சையாக மின்னியது. கருவிழியின் மேல்தோல் உரிந்த இடத்தில் மட்டும்தான் அந்தச் சாயம் ஒட்டுமாம். அங்கேதான் புண். கொண்டுபோன பையிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், மூன்றாவது பாட்டிலை எடுத்துத் தனியாக வைத்தார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. கண்ணில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு போனால் புண் ஆறாது, ஆழமாகும், கிருமிக்கு இடம் கொடுக்கும், சில சமயம் கருவிழி கரைந்து ஓட்டையே விழுந்துவிடும். சிவப்பு போனதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டது அந்த மருந்துக்குத்தான். முன்னே பார்த்தவர்களைப் பற்றி டாக்டரம்மா ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. "சாயம் போட்டுப் பார்க்காம இந்த பாட்டிலைத் திறக்கக் கூடாதுங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம். பேனா மாதிரி ஒரு கருவி, அதன் முனை கருவிழியை லேசாகத் தட்டிவிட்டுத் திரும்புகிறது, மரத்துப்போகும் மருந்துகூடப் போடவில்லை, ஜாங்கிரி கண் சிமிட்டியதோடு சரி. நாய்க்கு 10லிருந்து 25 வரைக்கும் இருக்கலாம், இவளுக்கு 16. நான் பயத்தில் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், கையை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் அளந்தார், கழுத்து நசுங்கினால் கண் அழுத்தம் கூடுதலாகக் காட்டுமாம். அன்றைக்கே கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு நெஞ்சோடு மாட்டும் பெல்ட்டுக்கு மாறிவிட்டோம்.

சரி, மருந்து. முதலில் புண்ணுக்குக் கிருமி மருந்து, செயற்கைக் கண்ணீர், கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. கூம்பு மாட்டினால் சாப்பிட மாட்டாள், பாவம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், டாக்டரம்மா அசையவில்லை, ஒரு தடவை முன்னங்காலால் தேய்த்தால் ஒரு வார வேலை போய்விடும் என்றார். பன்னிரண்டு நாளில் புண் ஆறியது, மறுபடி சாயம் போட்டு எனக்கும் காட்டினார், எங்கேயும் பச்சை ஒட்டவில்லை. அதன் பிறகு சைக்ளோஸ்போரின் களிம்பு, காலை ஒன்று சாயங்காலம் ஒன்று. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு உடம்பு அதை ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தாம் அது, இங்கே சுரப்பியின் மேல் நடக்கும் தாக்குதலை அடக்கி மறுபடி சுரக்க வைக்கிறது. நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும், ஆயுசுக்கும் போட வேண்டும். இதை முதல் நாளே நேராகச் சொன்னார், என் மனைவி முகம் வாடியதைப் பார்த்தும் வார்த்தையை மாற்றவில்லை. ஒரு மாதத்தில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், ஆறு எட்டு வாரமாவது பொறுங்கள் என்று ரெண்டு தடவை சொன்னார்.

நிஜமாகவே முதல் மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. ஆறாவது வாரம் காகிதம் வைத்தபோது வலது 9, இடது 13. நாலாவது மாதம் 12, 16. போன வாரம் 13, 17. பீளை கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கருப்புப் படலம் முழுசாகப் போகவில்லை, போகாது என்றும் சொல்லியிருந்தார், ஆனால் வளர்வது நின்றுவிட்டது, ஓரத்தில் கொஞ்சம் மெலிந்தும் இருக்கிறது. முக்கியமாக, மாடிப்படியில் இறங்கும்போது வலது பக்கச் சுவரில் உரசிக்கொண்டே இறங்கிய நாய் இப்போது நடுப்படியில் இறங்குகிறாள்.

இன்னொரு விஷயம் எழுத வேண்டும். எங்கள் தொழில் வெள்ளிக் கொலுசு, வீட்டு முன்கட்டில்தான் பட்டறை, ஊதுகுழல் வைத்துப் பொடி போட்டுப் பற்ற வைக்கும்போது புகை வரும், மெருகு போடும்போது தூசு பறக்கும். நாய் எங்கே தூங்கும் என்று டாக்டரம்மா கேட்டார். என் காலடியில்தான், பட்டறையில்தான் என்றேன். வியாதிக்குக் காரணம் புகை இல்லை, ஆனால் கண்ணீர் இல்லாத கண்ணுக்குப் புகை ரொம்பக் கொடுமை என்றார். அன்றிலிருந்து அவளுக்குப் பின்கட்டில் இடம். எனக்கு நாள் முழுக்கக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கொக்கியும் சலங்கையும் கோக்கிற வேலை, மில்லிமீட்டர் தப்பினால் சரக்கு திரும்பி வரும், அதனால் அளந்து பார்த்து வேலை செய்கிறவரைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை. இந்த கிளினிக்கைப் பற்றி நான் சொல்ல வந்ததும் அதுதான், இங்கே எண்ணைப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த எண்களை ஒரு சின்ன அட்டையில் தேதி போட்டு எழுதிக் கையில் தருகிறார்கள். வெளியூர் போய் வேறு டாக்டரைப் பார்க்க நேர்ந்தாலும் அந்த அட்டை போதும்.

காத்திருக்கும் நேரத்தில் பார்த்ததையும் சொல்கிறேன். சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு பெரியவர் பதினோரு வயது பொமரேனியனோடு வந்திருந்தார், ரெண்டு கண்ணும் நீலம் பாய்ந்த மாதிரி இருந்தன, புரை ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று பணத்தோடு வந்திருந்தார். டாக்டரம்மா உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்துவிட்டு, இது புரை இல்லை, வயசானால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி இப்படி நீலம் தட்டும், பின்னால் இருக்கும் நரம்பு வரைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, நாய்க்கும் கண் நன்றாகவே தெரியும், ஆபரேஷனும் வேண்டாம் மருந்தும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அந்தப் பெரியவர் வெளியே வந்து எங்கள் எல்லோரிடமும் அதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே நாள் ஒரு லேப்ரடார், அதற்கு நிஜமாகவே வெள்ளையாகப் புரை, சில வாரத்திலேயே முற்றிவிட்டது. தண்ணீர் நிறையக் குடிக்கிறதா, மூத்திரம் அடிக்கடி போகிறதா என்று கேட்டு உடனே ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். கண்ணுக்கு வந்த நாய் சர்க்கரை வியாதியோடு திரும்பியது. உண்ணிக் காய்ச்சல் வந்தால்கூடச் சில நாய்களுக்குக் கண் சிவந்து உள்ளே ரத்தம் தேங்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

இன்னொரு குட்டிக்கு மூக்குப் பக்கக் கண் ஓரத்தில் பட்டாணி அளவு சிவப்பு உருண்டை, செர்ரி ஐ என்கிறார்கள். வெட்டி எடுத்துவிடலாமா என்று கொண்டுவந்தவர் கேட்டார். அது கட்டி இல்லை, மூன்றாவது இமையில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி இடம் நழுவி வெளியே வந்திருக்கிறது, கண்ணீரில் மூன்றில் ஒரு பங்காவது அது தருவது, வெட்டினால் பின்னால் கண் வறண்டுபோகும், உள்ளே தள்ளித் தையல் போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஜாங்கிரி மடியில் இருக்க, அந்த மனிதரிடம் நானே நாலு வார்த்தை சொன்னேன்.

ஏற்காட்டு மேலே நாகலூரில் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம். மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுப் பசுவுக்கு ஒரு கண்ணில் தண்ணீராக ஊற்றி, நடுவில் வெள்ளை விழுந்து, வெயிலில் நிற்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. மாமியார் உப்பை மென்று கண்ணில் துப்பப் போனதைத் தங்கை தடுத்துவிட்டு எனக்கு வீடியோ அனுப்பினாள். டாக்டரம்மாவிடம் காட்டினேன். வீடியோவைப் பார்த்து மருந்து சொல்ல மாட்டேன் என்றவர், செய்ய வேண்டியதை மட்டும் சொன்னார்: மற்ற மாடுகளிலிருந்து தனியாகக் கட்டுங்கள், நிழலில் கட்டுங்கள், ஈ அண்ட விடாதீர்கள், ஒரு மாட்டின் கண்ணில் உட்கார்ந்த ஈதான் அடுத்த மாட்டுக்குக் கிருமியைக் கொண்டுபோகிறது, உடனே 1962க்கு அடித்து கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் இல்லையென்றால் அரசு மருந்தகத்தில் காட்டுங்கள். ஊசி போட்டு, ரெண்டு வாரத்தில் கண் தெளிந்து, ஓரத்தில் சின்னத் தழும்போடு அந்தப் பசு நன்றாக இருக்கிறது. இந்த ஆலோசனைக்கு என்னிடம் காசு வாங்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. நாய்க்கும் பூனைக்கும் ஒரே கூடம், பூனை கொண்டுவருகிறவர்கள் கூடையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது, பூனைகளுக்காவது தனி நேரம் ஒதுக்கலாம். டோக்கன் முறை சாயங்காலம் கலைந்துவிடுகிறது, ஒருநாள் ரெண்டே கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஞாயிறு விடுமுறை, கண் விஷயத்தில் இது சின்னக் குறை இல்லை, பக் நாய்க்குச் சண்டையில் கண்ணே வெளியே பிதுங்கி வரும், அப்படி வந்தால் சில மணி நேரம்தான் கையில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று வாசலில் ஒரு பலகையாவது வைக்க வேண்டும். இதை அவர்களிடமே சொல்லிவிட்டேன். வண்டி நிறுத்தவும் இடம் இல்லை.

புரை ஆபரேஷன் இங்கே செய்வதில்லை, அதை மறைப்பதும் இல்லை. பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை வேப்பேரிக்கோ கடிதம் கொடுத்து அனுப்புகிறார்கள். சேலத்திலிருந்து நாமக்கல் ஒரு மணி நேரம்தானே.

பணம் எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு: முதல் நாள் மூன்று சோதனையும் மருந்தும் சேர்த்து 1,450 ரூபாய் ஆனது. இப்போது ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை போனால் பார்க்கும் கட்டணமும் காகிதச் சோதனையும் மட்டும்தான். களிம்புதான் செலவு, சின்ன ட்யூப், ரெண்டு கண்ணுக்கும் போட்டால் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வருகிறது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும், தீர்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு தடவை நான் சொல்ல மறந்து ஆறு நாள் மருந்து இல்லாமல் போய், ஏழாவது நாள் காலையில் இமை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தது.

போகிறவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், கூட்டம் குறைவு. பழைய மருந்துப் பாட்டில்களைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், காலியான பாட்டிலையும்தான். கண்ணில் அன்று எதுவும் போடாதீர்கள். அடுத்த சோதனை எங்களுக்கு ரெண்டு மாதம் கழித்து, வலது கண் 15ஐத் தொட்டதா என்று இதே இடத்தில் வந்து எழுதுகிறேன்.